புல் பக்கம் கீழே

சவுரியம்மாளுக்குப் புல்லின் மேல் எந்தப் பற்றும் கிடையாது. பேரணாம்பட்டில் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள். வாசற்படியை விட்டு இறங்கினால் தெரு, தெருவைத் தாண்டினால் சாக்கடை. புல் முளைக்க அங்கே இடம் ஏது? பத்தாவது முடித்ததும் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனாள். விரிப்பை மடிப்பு விழாமல் போடவும், படுத்துக் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டவும், அழுகிறவர்களோடு சேர்ந்து அழாமல் இருக்கவும் அங்கேதான் கற்றாள். ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்மேன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் குடித்துச் செத்தான். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவருடைய வீடுதான் அவளுக்கு வீடு. நோயாளி இருக்கும் வரை தலைக்கு மேல் கூரை. போய்விட்டால் கையில் பெட்டி.

ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது வாஹித் பாஷாவின் பங்களா. அங்கே அவள் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் அவருடைய ஷாப்பு. அது மூடிக் கிடந்தது. அதில் ஒரு கொட்டகையை மட்டும் பச்சைத் தோல் வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆட்டுத் தோல் வந்து இறங்கும். உப்புப் போட்டு அடுக்குவார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அந்த வாடை வரும்.

வாஹித் பாஷா எண்பதைத் தாண்டியவர். மறதி நோய் வந்துவிட்டது. சாப்பிட்டது ஞாபகமில்லை, மனைவி இறந்தது ஞாபகமில்லை. சென்னையிலிருந்து ஒரே மகள் உமைமா வந்தால், “யாரும்மா நீ, யார் வூட்டுப் பொண்ணு?” என்று மரியாதையாகக் கேட்பார். சவுரியம்மாளை மட்டும் சிஸ்டர் என்பார். அவளுடைய வெள்ளைப் புடவை செய்த வேலை அது. கால்கள் திடமாக இருந்தன. தொல்லையே அதுதான். நடக்கத் தெரியும், எங்கே நடக்கிறோம் என்று தெரியாது.

பங்களாவுக்கு முன்னால் ஒரு காலத்தில் புல்தரை இருந்ததாம். வெளிநாட்டிலிருந்து ஷூ கம்பெனிக்காரர்கள் வந்து அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். சவுரியம்மாள் பார்த்தது இடுப்பளவு பார்த்தீனியம், அதற்கடியில் கோரை, ஓரமெல்லாம் நெருஞ்சி. மாசி மாதக் கடைசியில் உமைமா பிள்ளைகளோடு வந்திருந்தபோது அதிலிருந்து ஒரு பாம்பு புறப்பட்டு, யாரையும் சட்டை செய்யாமல், கார் சக்கரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“இது வூடா, காடா சிஸ்டர்?” என்றாள் உமைமா, காருக்குள்ளிருந்தே.

“காடுதாம்மா. நீங்க வர்றப்ப பாக்கறீங்க. நான் தெனம் பாக்கறேன்.”

“பெத்த அப்பாவ பாம்புக்கு நடுவுல போட்டு வெச்சிருக்கேன்னு என் மாமியார் ஊரெல்லாம் சொல்றாங்க. சின்னவனுக்கு இந்தச் செடி ஆவல, வந்தா மூச்சு இழுக்குது. பெரியவன் இனிமே வரவே மாட்டான். நான் இன்னாதான் பண்றது? சென்னையில ஒரு ஹோம் பார்த்திருக்கேன். ஏசி ரூமு. டாக்டர் கூடவே இருக்காரு.”

“ரூமுக்கு வெளிப்பக்கம் பூட்டு இருக்குதா?”

உமைமா சின்னவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“இருக்கும்” என்றாள் சவுரியம்மாள். “நடக்கறவங்கள பூட்டாம வெச்சிக்க முடியாது, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேம்மா. இங்க கக்கூஸ் எங்க இருக்குன்னு அவர் காலுக்குத் தெரியும். தண்ணிக் கூஜா எங்கன்னு கைக்குத் தெரியும். எடத்த மாத்தினா அதுவும் போய்டும். அப்புறம் படுக்கைதான். இப்படிப் போனவங்கள நான் பார்த்திருக்கேன்.”

இதை அவள் கெஞ்சலாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில்தான் சொன்னாள். உமைமா வெகுநேரம் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பு மறுபடி புதருக்குள் போய்விட்டிருந்தது; அவர் காருக்குப் பக்கத்தில் நின்று கதவைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

“பக்ரீத் முடிஞ்ச மறு வாரம் வர்றோம். அதுக்குள்ள இந்த எடம் மனுஷங்க நடக்கற மாதிரி ஆயிடணும். ஆச்சுன்னா அப்பா இங்கயே இருக்கட்டும், மாசா மாசம் பசங்களோட வர்றேன். ஆவலைன்னா அழைச்சிட்டுப் போயிடுவேன்.”

அதற்காக அவள் கொடுத்துப் போன தொகையை வைத்து நர்சரியில் விசாரித்தால் சிரித்தார்கள். புல்லைக் கொண்டுவந்து இறக்குகிற வண்டிக்குத்தான் அது சரியாக இருக்கும் என்றார்கள். சவுரியம்மாள் காசியைக் கூப்பிட்டாள்.

காசி, ஷாப்பு நடந்த காலத்தில் வாஹித் பாஷாவிடம் உப்புக் கொட்டகையில் வேலை பார்த்தவன். பொடியனாகச் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கியபோது வெளியே வந்தான். அப்புறம் நிலையான வேலை என்று எதுவும் இல்லை. மண் வெட்டுவான், பந்தல் போடுவான், கேலி பேசுவான். மம்புட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து அந்தக் காட்டைப் பார்த்ததும், “இன்னாக்கா, இதுல புல்லு வளக்கணுமா, புலி வளக்கணுமா?” என்றான்.

முதல் நாள் மண்ணை நனைத்து வைத்தார்கள். மறுநாள் இரண்டு பேருமாகப் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினார்கள். பூ விடுவதற்கு முன்னால் பிடுங்கினால்தான் உண்டு. விட்டால் ஒரு செடி ஊரையே நிரப்பும். கையில் பட்டால் அரிக்கும் என்று, பாஷாவுக்கு வாங்கி வைத்திருந்த ஆஸ்பத்திரி கையுறையைப் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் அவற்றைக் கழுவிக் கொடியில் காயப்போட்டாள். காசி அதைப் பார்த்து, “பத்து பேர் கைய வெட்டித் தொங்கவுட்ட மாதிரி இருக்குக்கா” என்றான்.

கோரைதான் உயிரை வாங்கியது. மேலே வெட்டினால் கீழே கிழங்கு சிரிக்கும். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கிழங்கு கிழங்காகப் பொறுக்க வேண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த காசி மதில் பக்கம் கையைக் காட்டினான். அங்கே வியாபாரியின் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

“ரெண்டு மூட்ட உப்பக் கேட்டு வாங்கிக் கொட்டினா முடிஞ்சிது. தோல்ல உதுர்ற உப்புதான், சும்மாவே குடுப்பான். எங்க தெருவுல செவுத்தோரம் எல்லாரும் அதான் பண்றாங்க.”

“கோரையும் போவும், மண்ணும் போவும். உங்க தெருவுல செவுத்தோரம் என்னிக்காவது ஒரு பூச்செடி பாத்திருக்கியா?”

“அதுவும் கரீட்டுதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

வாஹித் பாஷா வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். மனம் நன்றாக இருக்கிற நாளில் பேச்சும் கொடுப்பார்.

“யாருக்குக் கல்யாணம்? எடத்த சுத்தம் பண்றீங்க?”

“உங்களுக்குத்தான் முதலாளி” என்பான் காசி.

“பொண்ணு யாரு?”

“தோ, நம்ம சிஸ்டரு.”

பாஷா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். “வயசு ஜாஸ்தியா தெரியுதே.”

புல் எங்கே கிடைக்கும் என்கிற கவலையும் ஒருநாள் தீர்ந்தது. ஷாப்பின் பின்பக்கத்தில், தொழுகைக்கு முன் வேலைக்காரர்கள் கைகால் கழுவிய தொட்டி ஒன்று இருந்தது. வியாபாரியின் ஆட்கள் இன்னும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தண்ணீர் வழிந்து ஓடிய இடம் முழுக்க அருகம்புல் மெத்தையாகப் படர்ந்திருந்தது. காசி அதை வேரும் மண்ணுமாகப் பாளம் பாளமாக வெட்டினான். கள்ளிப்பெட்டிப் பலகையில் வைத்து இழுத்து வந்து, சமப்படுத்தி எரு கலந்த தரையில் பக்கத்துப் பக்கத்தில் பதித்தார்கள். வாங்கியது எரு மட்டும்தான். போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் புல் கருகும். அதனால் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததையும், அரிசி களைந்ததையும், பாஷாவைக் குளிப்பாட்டியதையும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். வெயில் தாங்காது என்று மேலே கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு வைத்தாள். ஓரத்தில் முதலில் பதித்தவை வேர் பிடித்துவிட்டன. நடுவில் பாதி இடம் பாக்கி இருக்கும்போது பக்ரீத் வந்தது. காசி பண்டிகை வேலைக்கு அங்கே இங்கே ஓடிவிட்டு வந்து, மீதியையும் பதித்து முடித்தான்.

பண்டிகையை ஒட்டி வியாபாரியின் கொட்டகைக்கு வண்டி வண்டியாகத் தோல் வந்தது. இரவு பகல் இல்லாமல் ஆள் வேலை. பாஷாவுக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதும் உட்கார முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உப்புப் போட்டாங்களா?”

“போட்டாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “சிஸ்டர், உப்புப் போட்டாங்களா? கழுத்துப் பக்கம் கனமா போட்டாங்களா?”

“போட்டாங்க முதலாளி. எல்லாம் போட்டாச்சு. சாப்பிடுங்க.”

அவர் நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நோய்க்காரர்கள் ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்பார்கள். பதில் சொல்வதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

உமைமா வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. பாஷாவின் டயப்பரும் கண் மருந்தும் தீர்ந்துபோனதால் சவுரியம்மாள் ஆம்பூர் பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. காசியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“வெளிய வந்தாருன்னா கூடவே நட. கேட்டத் தொறக்காத. எது கேட்டாலும் ஆவட்டும்னு சொல்லு.”

“இது ஒரு வேலையாக்கா? அவரோட வாழ்க்கையே ஓட்டியிருக்கேன்.”

பஜாரில் கூட்டம். திரும்புகிற பஸ் லேட். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புல் இல்லை. கோணிச் சாக்குகள் ஒழுங்காக மடித்து ஓரத்தில் அடுக்கியிருந்தன. நடுவில் பதித்திருந்த பாளங்கள் ஒவ்வொன்றும் கவிழ்ந்து கிடந்தன. புல் பக்கம் கீழே, மண்ணும் வேரும் மேலே. அதன் மேல் வெள்ளையாக உப்பு. சும்மா கொட்டிய உப்பு இல்லை. உள்ளங்கையால் தேய்த்து, ஓரம் வரை இழுத்து, ஒரு பக்கம் கனமாகவும் நடுவில் மெல்லிசாகவும், பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாதபடி பரப்பிய உப்பு. வேர் பிடித்திருந்த ஓரத்துப் பாளங்களைக்கூட மம்புட்டியால் பெயர்த்துத் திருப்பியிருந்தார்கள்.

வாஹித் பாஷா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை வெள்ளையாக நின்றார். நெற்றியில் வேர்வை. அவள் வந்த இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படி இருந்து பார்த்ததே இல்லை.

“மயிர்ப் பக்கம் மேல போட்டு வெச்சிருக்கான், சிஸ்டர்! சதைப் பக்கம் கீழ. எந்த மடையன் எறக்கினது? இந்த வெயில்ல ஒரு ராத்திரி தாங்குமா? கோணிய வேற நனைச்சுப் போட்டிருக்கான். காசி இல்லைன்னா எல்லாம் போயிருக்கும்.”

காசி. பெற்ற மகளின் பெயர் வராத வாயில் அவன் பெயர் சுத்தமாக வந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். “அவருக்கு நோய். உனக்கு இன்னாடா கேடு?”

காசி கையை லுங்கியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “வேணாம் முதலாளி, இது புல்லுன்னுதாங்க்கா சொன்னேன். ‘டேய் காசி, நாறிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது, உங்கப்பனா?’ன்னு கேட்டாரு. அதே மாதிரி, அந்தக் காலத்துல கேக்கற மாதிரியே. கை தானா போய்டுச்சுக்கா. மூட்டையத் தூக்கினேன். அப்புறம்…” நிறுத்திவிட்டு, பார்வையைத் தாழ்த்தினான். “அப்புறம் ரெண்டு பேரும் நல்லாதான் வேலை பண்ணோம்.”

அவனை அடிக்கலாம் போலிருந்தது. அடித்து என்ன ஆகப்போகிறது? பாஷாவை உள்ளே அழைத்துப் போய்க் கையைக் கழுவி, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். அவர் உடனே தூங்கிவிட்டார். நாள் முழுக்க வேலை பார்த்தவரின் தூக்கம்.

உப்பை விளக்குமாற்றால் தள்ளினார்கள். ஈர வேரில் அது ஏற்கெனவே கரைந்து இறங்கியிருந்தது. பிடித்து வைத்த நல்ல தண்ணீரையெல்லாம் ஊற்றி அலசினார்கள், போதவில்லை. மீதிக்குப் போர்த் தண்ணீரை விட்டால் அதுவும் உப்பு. பாளங்களைத் திருப்பிப் பதித்தார்கள். மறுநாள் பச்சையாகத்தான் இருந்தது, அதற்கடுத்த நாள் நுனி மஞ்சள். உமைமா வருகிற நாளில் முழுக்கப் பழைய தேங்காய் நார் நிறம். வியாபாரி மட்டும் முதல் நாளே, உப்பைத் தள்ளுவதற்கு முன், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, “எவ்ளோ நீட்டா போட்டிருக்கான்யா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“நான் போட்டேன்னு சொல்லிடறேன்” என்றான் காசி. “கோரை சாவட்டும்னு போட்டேன், அளவு தப்பிடுச்சுன்னு சொல்றேன். திட்டினா திட்டட்டும்.”

சவுரியம்மாள் பொய்யைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. சாகக் கிடப்பவரிடம் நாளைக்கு எழுந்துவிடுவீர்கள் என்று எத்தனையோ தடவை சொன்னவள். “சொல்லு” என்றாள்.

உமைமா காரிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்தாள். “இன்னா சிஸ்டர் இது?”

காசி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். உமைமா அவனைத் திட்டினாள். கூலி கொடுத்து ஆள் வைத்தால் இப்படியா, கேட்டுச் செய்யக் கூடாதா என்றாள். பிறகு காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். சமமாக இருந்தது. புதர் இல்லை, முள் இல்லை, பாம்பு ஒளிய இடமில்லை. சின்னவன் இறங்கி ஓடினான், மூச்சு இழுக்கவில்லை.

“சரி வுடு” என்றாள். “சுத்தமாவாவது இருக்கு. மழை பேஞ்சா புல்லப் பாத்துக்கலாம்.”

சவுரியம்மாள் மூச்சு விட்டாள். அப்போதுதான் வாஹித் பாஷா வாசலில் வந்து நின்றார். காசி திட்டு வாங்கியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சாப்பிட்டது மறந்தவருக்கு உப்புப் போட்டது மறக்கவில்லை.

“இவன் போட்டானா? இவனுக்கு இன்னா தெரியும்? மூட்ட தூக்கினது இவன். போட்டது நான்.” படி இறங்கி வந்தார். “ஒண்ணு கூட நாறல பாரும்மா. சிஸ்டர் ஊர்ல இல்ல, நான்தான் கொட்டகைக்குப் போயி மூட்டையக் காட்டினேன். இன்னிக்கு சாயங்காலம் மெட்ராஸ் வண்டில ஏத்திடணும்.”

உமைமா அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உப்பு அறுத்த வெடிப்புகள் ஆறாமல் இருந்தன.

“கொட்டகைக்குப் போனாரா? கேட்டுக்கு வெளிய?” கையை விடாமலே திரும்பினாள். “நீங்க எங்க சிஸ்டர் இருந்தீங்க? அந்தப் பக்கம் போனவரு இந்தப் பக்கம் ஹைவேக்கு வந்திருந்தா?”

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. மகளாக இருந்திருந்தால் சவுரியம்மாளும் அதைத்தான் கேட்டிருப்பாள். “பஜாருக்குப் போயிருந்தேன்” என்றாள்.

அன்று சாயங்காலமே பாஷாவின் துணிகளை அடுக்கினாள். மாத்திரை எந்த வேளைக்கு எது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவார், வெந்நீர் எவ்வளவு சூடு என்று உமைமாவுக்குச் சொன்னாள். உமைமா அழுதுகொண்டே கேட்டாள்; எவ்வளவு காதில் ஏறியதோ தெரியாது. பாஷா மெட்ராஸுக்குச் சரக்கோடு போகிற மகிழ்ச்சியில் காரில் ஏறினார். “காசி, மீதிய நாளைக்கு அனுப்பு” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். “ஆவட்டும் முதலாளி” என்றான் காசி. இப்போது மட்டும் சவுரியம்மாள் சொல்லிக்கொடுத்தபடி சொன்னான்.

வீட்டைக் கழுவிப் பூட்டுவதற்காகச் சவுரியம்மாள் சில நாள் தங்கினாள். அதற்குள் இரண்டு செய்தி வந்தது. பாஷா சாப்பிட மாட்டேன் என்கிறார், கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், என்ன செய்வது என்று உமைமா போனில் கேட்டாள். இங்கிருந்து சொல்லக்கூடியதைச் சவுரியம்மாள் சொன்னாள். இன்னொன்று, முன்பக்கத்துத் தரையையும் தோல் வியாபாரி வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

“கொட்டகையில எடம் பத்தல” என்றார் அவர், கேட் சாவியை வாங்க வந்தபோது. “இது நமக்கு ரொம்ப வசதி. சமமா இருக்கு. இனிமே இங்க ஒண்ணும் மொளைக்காது, வெட்டற வேலையும் இல்ல. உப்பு போட ஆள் வேணும்னு பார்த்துட்டு இருந்தேன். அதுக்கும் காசி கெடச்சிட்டான்.”

சோளிங்கரில் இடுப்பு எலும்பு முறிந்த ஓர் அம்மாளுக்கு ஆள் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கோரை பொறுக்கிய தரை முழுக்க ஆட்டுத் தோல் விரித்திருந்தது, சதைப் பக்கம் மேலே. நடுவில் காசி குந்தியிருந்து உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிலையான வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு.

அவளைப் பார்த்ததும் கை நின்றது. “முதலாளி பார்த்தா சந்தோஷப்படுவாரு இல்லக்கா?”

அவள் ஒரு தோலைப் பார்த்தாள்.

“கழுத்துப் பக்கம் கம்மியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.